ரெஜினா ஃபெயிலாகப் பட்ட பாடு

நடந்தவை, வரிசையாக:

1. செஞ்சியில் நான் படித்த பெண்கள் பள்ளியிலிருந்து போன் வந்தது. பத்தாவது படிக்கும் பிள்ளைகளிடம், அடுத்து எந்தப் படிப்பை எடுக்கலாம், எதன் பக்கமே போகக் கூடாது என்று நான் பேச வேண்டுமாம்.

2. வருகிறேன் என்றேன்.

3. பேசியவர் இன்றைய தலைமையாசிரியை கலாவதி மிஸ். எனக்குப் பதினொன்றாவதில் இயற்பியல் நடத்தியவர். போனை வைக்கும் முன், "அப்பிடியே அந்த ரெஜினா கதையையும் சொல்லிடும்மா. உங்க ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டுனாதான் புள்ளைங்களுக்குப் பளிச்சுனு புரியும்" என்றார்.

4. ரெஜினா கதையைச் சொன்னேன்.

5. பாதியில், டீ வந்துவிட்டது, எல்லோரும் எழுந்திருக்கலாம் என்று அறிவித்தார்கள்.

6. டீ வரவில்லை.

நான்கிற்கும் ஐந்திற்கும் நடுவே ஒரு சங்கடம் இருக்கிறது. மிஸ் எதிர்பார்த்த கதை ஒன்று, நான் சொன்ன கதை வேறு. இரண்டிலும் நடந்த சம்பவங்கள் என்னவோ அதேதான்.

எனக்கு எதையும் இப்படி எண் போட்டுத்தான் யோசிக்க வரும். படிப்பு முடித்து ஒரகடம் பக்கம் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கும் வேலையில் சேர்ந்ததிலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். என்னைப் பெண் பார்க்க வந்த ஒருவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைக்கூட மனதுக்குள் எண் போட்டு வைத்திருந்தேன். நான்காவதிலேயே அவர் தண்ணீர் கேட்டார். ரெஜினா எண்ணுக்குள் அடங்க மாட்டாள். அதனால் இனி வருவது முன்னும் பின்னுமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேடையேறி மைக்கைப் பிடித்ததும் முதலில் வந்தது சுண்டல் வேகும் வாசனை. பள்ளியின் கூட்ட அறைக்குப் பின்னால்தான் சத்துணவுக் கூடம். மற்றவர்களுக்கு அந்த வாசனையில் பசியெடுக்கும். எனக்குத் தேர்ட் குரூப் ஞாபகம் வரும்.

பத்தாவது முடித்ததும் அங்கே பிள்ளைகளை மூன்றாகப் பிரிப்பார்கள். ஃபர்ஸ்ட் குரூப்பில் கணக்கும் அறிவியலும். செகண்ட் குரூப்பில் கணக்கு இல்லாத அறிவியல். தேர்ட் குரூப்பில் வரலாறு, பொருளாதாரம், வணிகவியல், கணக்குப்பதிவியல். முதல் இரண்டும் மாடியில். காற்று வரும், ஜன்னலைத் திறந்தால் ராஜகிரிக் கோட்டை உச்சிவரை தெரியும். தேர்ட் குரூப் கீழே, சத்துணவுக் கூடத்தோடு ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட அறையில். பதினொரு மணிக்கு மேல் அந்தச் சுவரில் முதுகைச் சாய்க்க முடியாது, சுடும். அவர்களுடைய ஜன்னலில் தெரிந்தது அண்டா கழுவுகிற இடம். வரலாறு படிக்கிறவர்களுக்குக் கோட்டை தெரியாது. நியூட்டன் விதி படிக்கிற எங்களுக்கு நாள் முழுக்கத் தெரியும். அப்போது இது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

தேர்ட் குரூப்பை ஒரு பாடப்பிரிவாக யாரும் நினைக்கவில்லை. அது ஒரு தண்டனை. "ஒழுங்கா படி, இல்லன்னா கீழ அனுப்பிடுவேன்" என்று மாடியில் எல்லா ஆசிரியைகளும் சொல்வார்கள். வகுப்பே கப்சிப் ஆகிவிடும்.

பத்தாவது ரிசல்ட் வந்த பிறகு குரூப் கொடுக்கும் நாள் ஒன்று உண்டு. மேசைக்குப் பின்னால் கலாவதி மிஸ், பக்கத்தில் பள்ளி கிளார்க். மதிப்பெண்ணைப் பார்த்ததுமே மிஸ் குரூப்பை முடிவு செய்துவிடுவார். என்ன வேண்டும் என்று பிள்ளைகளைக் கேட்பதெல்லாம் ஒரு மரியாதைக்கு. நான் என் நைனாவோடு வரிசையில் நின்றேன். நைனா திண்டிவனம் ரோட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். வார்னிஷ் வாசனையிலேயே வளர்ந்ததால் எனக்குக் கரண்ட் என்றால் பைத்தியம். ஃபர்ஸ்ட் குரூப் கேட்டேன், உடனே கொடுத்தார்கள். எனக்குப் பிடித்ததும் பள்ளிக்குப் பிடித்ததும் ஒன்றாக இருந்தது என் அதிர்ஷ்டம். ரொம்ப நாள் அதை என் புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அடுத்து நின்றவள் ரெஜினா. அவலூர்பேட்டை சாலையில் ஒரு கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். மல்லாட்டையும் (அதாவது வேர்க்கடலை) நெல்லும் போடுகிற கத்தோலிக்கக் குடும்பம். ஆறாவதிலிருந்து எனக்குப் பக்கத்து இடம். அந்த வருடம் பள்ளியிலேயே முதல் மதிப்பெண் அவளுடையது.

"இன்னா குரூப்மா?"

"தேர்ட் குரூப் மிஸ்."

மிஸ் நிமிராமலே கிளார்க்கிடம், "ஃபர்ஸ்ட் குரூப்" என்றார்.

"மிஸ், தேர்ட் குரூப்."

"அதான் சொல்லிட்டேனே, ஃபர்ஸ்ட் குரூப்."

"நான் கேட்டது தேர்ட் குரூப் மிஸ்."

இப்போதுதான் நிமிர்ந்தார். "உன் மார்க் இன்னான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் மிஸ்."

"தெரிஞ்சுமா?"

அவர் நடிக்கவில்லை. இவ்வளவு மதிப்பெண் வாங்கிய பிள்ளை வாய்தவறித்தான் இப்படிச் சொல்லும் என்று உண்மையாகவே நம்பினார். தவறுதலாக வந்ததைத் திருத்திக் கொடுப்பது ஆசிரியையின் வேலை, திருத்தினார், அவ்வளவுதான். அவள் திரும்பவும் கேட்ட பிறகுதான் கோபம் வந்தது.

"ஹிஸ்டரி படிச்சு இன்னா பண்ணப் போற? கோட்ட கேட்ல ஒக்காந்து டிக்கெட் கிழிக்கப் போறியா?"

வரிசை சிரித்தது.

"அதுக்கும் பரீட்ச வெக்கிறாங்க மிஸ்" என்றாள் ரெஜினா.

சிரிப்பு நின்றுவிட்டது. அவளுடைய நைனா துண்டைக் கையில் சுருட்டியபடி ஓரடி முன்னால் வந்தார். "அது சின்னப் புள்ள மிஸ். அது பேச்ச வுடுங்க. நீங்க இன்னா சொல்றீங்களோ அதையே போட்டுடுங்க." மகளுடைய ஆசிரியையை அவரும் மிஸ் என்றுதான் கூப்பிட்டார். ரெஜினா எங்களோடு மாடிக்கு வந்தாள்.

அவளுக்கு இந்த வரலாற்றுப் பித்து எங்கே பிடித்தது என்று எனக்குத் தெரியும். செஞ்சியில் பிறந்தவர்களுக்குக் கோட்டைமீது பெரிய மயக்கம் எதுவும் கிடையாது. காணும் பொங்கலுக்குப் புளிசோறு கட்டிக்கொண்டு போவோம், பாதியைக் குரங்கு பிடுங்கித் தின்னும், மீதியைத் தின்றுவிட்டு வருவோம். எட்டாவது படிக்கும்போது பள்ளியிலிருந்து வரிசையாக நடத்திக் கூட்டிப்போனார்கள். யாருக்குப் பின் யார் கோட்டையைப் பிடித்தார்கள் என்று டீச்சர் சொல்லச் சொல்ல எல்லோரும் எழுதிக்கொண்டோம். ரெஜினாவைக் காணவில்லை. தேடிப் போனால், நெற்களஞ்சியத்துக்குள் வௌவால் நாற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"இது முட்டும் நெல்லு இருந்துச்சாடி?"

"ஆமா. டீச்சர்தான் சொன்னாங்களே."

"யாரு ஊட்டு நெல்லு?"

"ராஜாவோடது."

"ராஜா வந்து நாத்து நட்டாரா?"

"வாடி, டீச்சர் திட்டப் போறாங்க."

"எங்க ஊரு நெல்லு இதுல இருந்திருக்கும்ல? ஊருக்காரங்களே குடுத்தாங்களா, ராஜா ஆளுங்க வந்து புடுங்கிட்டாங்களா?"

எனக்கு மூச்சு முட்டியது, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். புத்தகத்தில் கோட்டையைப் பிடித்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். நெல்லைக் கொண்டுவந்து கொட்டியவர்கள் இல்லை. எட்டாவதிலேயே ஒருத்திக்கு இப்படி ஒரு கேள்வி வந்துவிட்டது. அது விட்டுப் போகவே இல்லை. அவளுடைய எதிர்காலத் திட்டம் என்று எதையாவது சொல்வதென்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

மாடியில் சில வாரங்கள் கடந்திருக்கும். சாப்பாட்டு நேரத்தில் கேட்டாள், "கீழ எப்பிடிடி போறது?"

"ஃபெயிலானா அனுப்புவாங்க. தெனம் அதான சொல்றாங்க" என்றேன்.

"அப்ப ஃபெயிலாயிட்டா சரி."

சொல்வது சுலபம். ஃபெயிலாவதற்கு அவள் பட்ட பாடு இருக்கிறதே, படித்துப் பாஸானவர்கள் யாரும் அவ்வளவு கஷ்டப்பட்டிருக்க மாட்டார்கள். முதல் மாதத் தேர்வில் இயற்பியல் தாளில் பாதிக்கு மேல் எழுதாமல் விட்டாள். பாஸ் மார்க்கைவிட ஒன்று கூடுதலாகவே வந்தது. பாகங்களின் பெயர் குறிக்காத வெறும் படத்துக்குக்கூடக் கலாவதி மிஸ் மார்க் போட்டிருந்தார். வேதியியலில் ஒரு கேள்விக்கு இன்னொன்றின் பதிலை வேண்டுமென்றே எழுதினாள். அந்த டீச்சர் கேள்வி எண்களைத் தானே மாற்றிப் போட்டு, "நம்பர் மாத்தி எழுதிட்ட பாரு, கவனமா இரு" என்று முழு மார்க் கொடுத்தார். கணக்கில் ஒவ்வொன்றையும் மூன்றாவது வரியில் நிறுத்தினாள். ஸ்டெப் மார்க் சேர்ந்து கரையேற்றிவிட்டது. மாடியில் யாரும் ஃபெயிலாகக் கூடாது. ஒருத்தி ஃபெயில் என்றாலும் மீட்டிங்கில் பதில் சொல்ல வேண்டியது அந்த ஆசிரியை. அந்தப் பள்ளியில் ஒரு பிள்ளை தன் முயற்சியால் ஃபெயிலாக முடியாது என்பதை நாங்கள் அப்போதுதான் கண்டுபிடித்தோம்.

"இவ்ளோ பாடுபட்டுப் படிச்சிருந்தீன்னா ஸ்டேட் ஃபர்ஸ்ட் வந்திருப்படி" என்றேன்.

"சும்மா இருடி. வயிறு எரியுது" என்றாள்.

அடுத்த தேர்வில் தாளின் மேல் பெயரை எழுதி, அழகாக அடிக்கோடு போட்டு, அதோடு நிறுத்திவிட்டாள். வெற்றுத் தாளுக்கு யாராலும் மார்க் போட முடியவில்லை. கலாவதி மிஸ் பயந்துபோனார். நன்றாகப் படிக்கிற பெண் திடீரென்று இப்படி ஆனால் எங்கள் ஊரில் காரணம் ஒன்றுதான்: லவ். அவளுடைய பையைக் கொட்டிப் பார்த்தார்கள். மல்லாட்டைத் தோலும் ஒரு ஜெபமாலையும் விழுந்தன. ஜெபமாலை யார் கொடுத்தது என்று ஒரு டீச்சர் கேட்டார். அம்மாவை வரச் சொன்னார்கள். அம்மா அவளை நேராகக் கோயிலுக்குக் கூட்டிப்போய் ஃபாதர் முன்னால் மண்டியிட வைத்தார். மறுநாள் ரெஜினா சொன்னது இது:

"தலையில கை வெச்சு ஜெபம் பண்ணிட்டு, இன்னாம்மா உனக்குப் பிரச்சனன்னு கேட்டாரு. ஹிஸ்டரி படிக்கணும் ஃபாதர்னேன். இதுக்கா இந்த வெயில்ல கூட்டியாந்தன்னு எங்கம்மாவதான் திட்டிட்டாரு."

அந்த வாரமே எல்லோர் முன்னாலும் கலாவதி மிஸ் அவளை எழுப்பினார். "பையை எடு. கீழ போ. அங்க ஒக்காந்து சுண்டல் வாசன புடிச்சினு இரு." ரெஜினா பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய், திரும்பிப் பார்த்து, "தேங்க்ஸ் மிஸ்" என்றாள். மிஸ் இன்றுவரை அதைத் திமிர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். சத்தியமாக அது நன்றி.

மேடையில் இதுவரை சொல்லி முடித்தபோது பிள்ளைகள் சிரித்துச் சிரித்து ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டிருந்தார்கள். பின்வரிசையில் ஒரு பெண் மட்டும் சிரிக்காமல் கையைத் தூக்கினாள். "அக்கா, அவங்க இப்ப இன்னா பண்றாங்க?"

மிஸ் காத்திருந்த கேள்வி. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சொன்னேன். ரெஜினா அரசுக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு, பிறகு எம்.ஏ. வரலாறு. அதற்கப்புறம் வேலைக்கான தேர்வுகள், ஒன்று மாற்றி ஒன்று. எதுவும் கிடைக்கவில்லை. இப்போது அவலூர்பேட்டையில் ஒரு மல்லாட்டை மண்டியில் கணக்கு எழுதுகிறாள். தேர்ட் குரூப்பில் கணக்குப்பதிவியலும் சேர்ந்தே இருந்ததால் அந்த வேலை கிடைத்தது. மிஸ் சொல்லும் கதை இந்த இடத்தில் முடியும். பள்ளியில் முதல் மார்க் வாங்கியவள் மண்டியில், அவளுக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவள் கம்பெனியில். பார்த்துக்கொள்ளுங்கள் பிள்ளைகளே.

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் என் வேலையில் முதல் வருடமே எனக்குச் சொல்லிக் கொடுத்த ஒரு விஷயம் இருக்கிறது. சோதிக்கிறவர்கள் செய்யும் தவறு இரண்டு வகை. கெட்டுப்போன போர்டை நல்லது என்று அனுப்பிவிடுவது ஒன்று. அது வாங்கியவரிடமிருந்து திரும்பி வரும், திட்டு விழும், எல்லோருக்கும் தெரியும். நல்ல போர்டைக் கெட்டது என்று குப்பையில் போடுவது இன்னொன்று. அது எங்கிருந்தும் திரும்பி வராது, யாரும் திட்டமாட்டார்கள், அப்படி ஒரு தவறு நடந்ததே தெரியாது. வேலை தெரிந்த இடத்தில் குப்பைக் கூடையையும் கிளறிப் பார்ப்பார்கள். பள்ளிக்கூடங்கள் பார்ப்பதில்லை. வரலாறு படித்து வேலையில்லாமல் நிற்பவளை ஊரே பார்க்கிறது. இயற்பியலுக்குள் தள்ளப்பட்டு வீணாய்ப் போனவளை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அதைத்தான் பிள்ளைகளிடம் சொன்னேன். என்னோடு மாடியில் படித்தவர்களைப் பற்றிச் சொன்னேன், பெயர் சொல்லாமல். ஒருத்தி இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஜவுளிக் கடையில் பில் போடுகிறாள். இன்னொருத்தி அதே இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறாள். எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்த ஒருத்தி தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிடுகிறாள். "பிசிக்ஸ் படிச்சதாலதான் இப்பிடி ஆயிட்டான்னு அவங்கள யாராவது மேடையேத்திக் காட்டுறாங்களா?" என்று கேட்டேன்.

டீ வந்துவிட்டது என்று அறிவித்தது அப்போதுதான்.

பிறகு தன் அறையில் கலாவதி மிஸ் மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு உட்கார்ந்தார். வயதாகிவிட்டது அவருக்கு.

"இன்னாம்மா இப்பிடிப் பண்ணிட்ட."

"கதையச் சொல்லச் சொன்னீங்க மிஸ்."

"நான் இன்னா ஹிஸ்டரிக்கு எதிரியா? கீழ இருந்து பாஸான புள்ளைங்களுக்கு அடுத்த மாசமே கல்யாணப் பத்திரிக அடிச்சாங்க. ஒண்ணு ரெண்டு இல்ல. ஊட்ல கேட்டா, இந்தப் படிப்புக்கு மேல இன்னா இருக்குதுன்றாங்க. மேல இருந்து போனதுங்களாவது காலேஜு, வேலன்னு நாலு வருஷம் தப்பிச்சுதுங்க. அதான் கையில கெடச்சதையெல்லாம் தூக்கித் தூக்கி மேல போட்டேன்."

இது எனக்குத் தெரியாது. அவர் சொன்ன சில பத்திரிகைகள் எங்கள் வீட்டுக்கும் வந்தவைதான். ஆனாலும் கேட்டேன்:

"அப்ப கல்யாணத்ததான மிஸ் தடுத்திருக்கணும். ஹிஸ்டரிய ஏன் தடுத்தீங்க?"

"அது என் கையில இல்ல. இது இருந்துச்சு."

நேர்மையான பதில். அதற்காக அவரை மதிக்கிறேன், ஒப்புக்கொள்ள மாட்டேன். சுடுகிற சுவரோடு ஒரு அறையைக் கொடுத்து, மாடியிலிருந்து கழித்தவர்களையெல்லாம் அதற்குள் அனுப்பி, பாடத்தின் பெயரையே மிரட்டலாக வைத்துக்கொண்டு, கடைசியில் அங்கிருந்து பெரிதாக யாரும் வரவில்லை என்று காட்டினால், எங்கள் கம்பெனியில் அந்தச் சோதனையையே செல்லாது என்பார்கள். அந்தப் பிள்ளைகளின் வீட்டில் 'இந்தப் படிப்புக்கு மேல் என்ன இருக்கிறது' என்று கேட்டார்களே, அந்தக் கேள்வியை அவர்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது யார்?

பள்ளிக்கூடம் தனக்குத் தெரிந்ததைச் சொல்லட்டும். இதில் வேலை குறைவு, அதில் போட்டி அதிகம், வீட்டில் வசதியில்லை என்றால் இந்த இடத்தில் முழிப்பாய், எல்லாவற்றையும் உரக்கச் சொல்லட்டும். அதையெல்லாம் கேட்ட பிறகும் ஒரு பிள்ளை எனக்கு அதுதான் வேண்டும் என்றால், கொடுத்துவிடுவதோடு பள்ளியின் வேலை முடிந்தது. அவளைத் திருத்துவது யாருடைய வேலையும் இல்லை.

இவர்கள் சொல்லும் நல்ல படிப்புக்கு ஆயுளும் ரொம்பக் குறைவு. என் பெரியம்மா மகள் காலத்தில் ஆசிரியர் பயிற்சிதான் பொன்முட்டை. பள்ளியிலிருந்து ஒரு கூட்டத்தையே அங்கே அனுப்பினார்கள். அவள் படித்த பயிற்சி நிறுவனம் இப்போது கல்யாண மண்டபம், போன தையில் அங்கேதான் ஒரு வரவேற்புக்குப் போய் வந்தேன். என் காலத்தில் இன்ஜினியரிங். நான் படித்த கல்லூரி மூடிக் கிடக்கிறது. பஸ்ஸில் போகும்போது பார்த்தால் எங்கள் லேப் ஜன்னல் வழியாக எருக்கஞ்செடி எட்டிப் பார்க்கிறது. ஓம் விதி மாறவில்லை, படிப்பும் எனக்குச் சோறு போடுகிறது. ஆனால் "இதுல போனா லைஃப் செட்டில்" என்று எனக்குச் சொன்னவர்கள் யாரும் அந்த எருக்கஞ்செடியைப் பற்றிச் சொல்லவில்லை.

கோட்டைக்கு உலகப் பாரம்பரிய அந்தஸ்து வந்த பிறகு என்னிடம் நல்ல மனதோடு சிலர் சொல்கிறார்கள்: "இப்ப ஹிஸ்டரிக்கும் ஸ்கோப் வந்துடுச்சு பாருங்க. கைடு வேலைக்கு ஆள் தேவைப்படும்." எனக்கு ஆதரவாகச் சொல்கிறார்களாம். இந்த ஆதரவும் எனக்கு வேண்டாம். நாளைக்கு வெள்ளைக்காரர்கள் வருவது நின்றுபோனால் ரெஜினாவின் கேள்வி திரும்பவும் தப்பாகிவிடுமா?

மேடையில் அந்தப் பின்வரிசைப் பெண் இன்னொன்றும் கேட்டிருந்தாள். "அவங்களுக்கு வருத்தமாக்கா?" எனக்குப் பதில் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன். பஸ் ஸ்டாண்டில் நின்று ரெஜினாவுக்குப் போன் போட்டேன். பின்னால் தராசுச் சத்தமும் யாரோ யாரையோ திட்டுவதும் கேட்டன.

"உன்ன வெச்சு இன்னைக்கு மீட்டிங் போட்டாங்கடி" என்றேன்.

"எனக்குச் சால்வ போட்டாங்களா?"

"எனக்கே டீ தரல. கேக்குறேன்னு தப்பா நெனச்சுக்காத. உனக்கு வருத்தம் இருக்குதா?"

தும்மினாள். "மண்டியில கணக்கு எழுதுறதுல வருத்தம் இருக்குது. ஒரே தூசி, நாள் பூரா தும்மல், மொதலாளி வேற லொடலொடன்னு பேசினே இருப்பாரு. ஹிஸ்டரி படிச்சதுல வருத்தம் இல்ல. ரெண்டையும் ஏண்டி ஒரே மூட்டையில போட்டுக் கட்றீங்க?"

"அந்த நெல்லு சமாச்சாரம்? கண்டுபுடிச்சியா?"

"பாதி. எந்தெந்த ஊர்ல இருந்து வந்துச்சுன்னு கொஞ்சம் தெரிஞ்சுடுச்சு. எம்.ஏ.வுல அதத்தான எழுதுனேன். மீதிக்கு மெட்ராஸ் போய் பழைய ரெக்கார்டு பாக்கணும். இவரு லீவு குடுத்தாதான. ஏய், லோடு வந்துடுச்சு, வைக்கிறேன்."

அந்தப் பின்வரிசைப் பெண்ணின் பெயர் சுகன்யா. கூட்டம் கலைந்த பிறகு கேட் வரைக்கும் என்னோடு நடந்து வந்து, என் நம்பரை வாங்கிக்கொண்டாள். அன்றிரவு அவளுக்கு ரெஜினாவின் பதிலை அப்படியே அனுப்பினேன். உடனே திரும்பிக் கேட்டாள்: "அக்கா, நானும் ஹிஸ்டரி கேட்டா இங்க குடுப்பாங்களா?"

தேர்ட் குரூப் அந்தப் பள்ளியில் இன்னும் இருக்கிறது. அறை மாறிவிட்டது, மாடிக்கே கொண்டுவந்துவிட்டார்கள். வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளாதாரம் எல்லாம் இருக்கின்றன. வரலாறு இருந்த இடத்தில் கணினிப் பயன்பாடுகள் இருக்கிறது. வரலாற்று ஆசிரியை ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. கேட்கிற பிள்ளைகள் இல்லை, அதனால் எடுத்துவிட்டோம் என்றார் மிஸ். பள்ளி வாசலில் நின்றால் கோட்டையின் மூன்று மலையும் தெரிகிற ஊர் இது.

ரெஜினாவைத் தண்டித்தாவது வரலாற்றுக்குள் அனுப்பினார்கள். இன்று ஒரு பிள்ளை வெற்றுத் தாளைக் கொடுத்தாலும் அங்கே வரலாறு கிடைக்காது.

இப்போதைய நிலவரம்: சுகன்யா பத்தாவது தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். பதினொன்றாம் வகுப்பில் வரலாறு இருக்கும் பள்ளி பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று நானும் ரெஜினாவும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம். இரண்டு பள்ளிகளில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒரு பள்ளியில் இருக்கிறது. போக ஒரு பஸ்தான், அது காலையில் சீக்கிரம் கிளம்பிவிடும். அவளுடைய அம்மா இன்னும் சரி என்று சொல்லவில்லை.